மழை பெய்தால் நெட் அறுகிறது: பழைய டெலிபோன் லைனில் எங்கே தேடுவது?

பேரேடு

வணக்கம். பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். நாலைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. மொபைல் சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். அதனால் பழைய லேண்ட்லைனில் வரும் பிராட்பேண்டை நம்பித்தான் வேலை. 4 எம்பிபிஎஸ் திட்டம். எனக்கு அந்த வேகமே தாராளம்.

ஆனால் இணைப்பு நிலையாக நிற்பதே இல்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை பிடித்துவிட்டால் போதும், மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு அணைந்துவிடும். முதலில் மெதுவாக மினுக்கும், அப்புறம் வேகமாக மினுக்கும், ஒரு நிமிடம் போல ஆன பிறகு நிலையாக எரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. மழை இல்லாத நாளிலும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பித்து ராத்திரி வரை படுத்துகிறது. பகலில் பரவாயில்லை. ஜிஎஸ்டி தளத்தில் 3பி என்ற மாதக் கணக்கைத் தாக்கல் செய்துகொண்டிருக்கும்போது அறுந்தால் திரும்ப முதலிலிருந்து உள்ளே நுழைய வேண்டும். 20-ஆம் தேதி நெருங்கினால் கடைக்காரர்கள் ஒரு பக்கம், இந்த விளக்கு ஒரு பக்கம்.

புகார் கொடுத்தால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, மோடத்தை மாற்றுங்கள்" என்கிறார்கள். மோடம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. புதிது வாங்குவதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தில்லைநகர்

அக்கா, வைஃபை சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள். எங்கள் அபார்ட்மெண்டில் அதைச் செய்ததும் சரியாகிவிட்டது.

ஓம்ஸ் விதி

வைஃபை சேனலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை தம்பி. டிஎஸ்எல் விளக்கே அணைகிறது என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த விளக்கு மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவிக்கும் நடுவே செம்புக்கம்பியில் நடக்கும் பேச்சைத்தான் காட்டுகிறது. வைஃபை எப்படி இருந்தாலும் அது அணையாது.

மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். "நெட் போகிறது" என்பதில் குறைந்தது மூன்று வகை உண்டு. கேபிள் போட்ட கணினியில் நன்றாக வந்து மொபைலில் மட்டும் திணறினால் வைஃபை. டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிய, இன்டர்நெட் விளக்கு மட்டும் போனால் லாகின் அல்லது அதற்கு மேலே உள்ள கோளாறு. டிஎஸ்எல் விளக்கே போனால் கம்பி, மோடம், மோடத்தின் அடாப்டர், எக்ஸ்சேஞ்ச் போர்ட், இந்த நாலில் ஒன்று. இதைப் பிரிக்காமல் எதை மாற்றினாலும் காசுக்குத்தான் கேடு.

பேரேடு அக்கா, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்துக்குள் போங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் டிஎஸ்எல் விவரம் இருக்கும். எஸ்என்ஆர் மார்ஜின், அட்டெனுவேஷன், சிங்க் வேகம் (இப்போது இணைந்திருக்கும் வேகம்), அதிகபட்ச வேகம் (லைன் தாங்கக்கூடியது), சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) ஆகியவற்றை இங்கே போடுங்கள். பகலில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை, மழையில் ஒரு முறை.

பேரேடு

நன்றி. எடுத்துவிட்டேன். எல்லாம் இறங்கு திசைக்கானவை (எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு); மார்ஜினும் அட்டெனுவேஷனும் டெசிபலில், வேகம் கேபிபிஎஸ்ஸில்.

பகல்: மார்ஜின் 9.4, அட்டெனுவேஷன் 38, சிங்க் 4096, அதிகபட்சம் 5700. சிஆர்சி மெதுவாகத்தான் ஏறுகிறது.

சாயங்காலம் ஏழு மணி: மார்ஜின் 4 முதல் 5 வரை ஆடுகிறது. அதிகபட்சம் 3500. சிஆர்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயிரக்கணக்கில் ஏறுகிறது.

மழையில்: மார்ஜின் 2-க்கு வந்தது, அப்புறம் பக்கமே திறக்கவில்லை, இணைப்பு போய்விட்டது. திரும்ப வந்தபோது சிங்க் 2900.

ஓம்ஸ் விதி

அருமை. இந்த எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன.

அட்டெனுவேஷன் என்பது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்ற கணக்கு. ஏடிஎஸ்எல்2+ என்ற இந்த வகை பிராட்பேண்ட் லைனில் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 38-ஐ அதால் வகுத்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கம்பித்தூரம் ஏறக்குறைய 2.75 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு நல்ல லைன் என்றால் 9, 10 எம்பிபிஎஸ் வரை தாங்க வேண்டும். உங்களுக்கோ திட்டப்படி 4-ல் கட்டிப்போட்டிருக்கிறார்கள். தாங்கும் வேகத்தில் பாதியைக்கூடக் கேட்காத லைனில் மார்ஜின் 15-க்கு மேலே நிற்க வேண்டும். பகலிலேயே 9 என்றால் எதுவோ மார்ஜினைத் தின்கிறது.

மார்ஜின் என்பது இரைச்சலுக்கு மேலே கையிருப்பாக எவ்வளவு இருக்கிறது என்பது. மேளச்சத்தத்துக்கு நடுவே பேசுவது போலத்தான்: சத்தம் கூடினால் ஒரு கட்டத்தில் எதிரே இருப்பவருக்குக் காதில் விழாது. பொதுவாக 6 டெசிபலை இலக்காக வைத்துத்தான் மோடம் இணையும். அதற்குக் கீழே போனால் பிழைகள் பெருகும், 2, 3-க்கு வந்தால் அறுந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மழைக்கு ஒரு தாளம், சாயங்காலத்துக்கு ஒரு தாளம். இரண்டும் ஒரே கோளாறாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு இரண்டு வேறு காரணங்கள் என்றே படுகிறது. மோடத்தை இப்போதைக்கு மாற்றாதீர்கள்; மோடம் கெட்டிருந்தால் அதற்கு மழை தெரியாது.

ஆறாம் பிளாக்

அடாப்டரைச் சும்மா விட வேண்டாம். 12 வோல்ட் அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வெயிலில் காய்ந்துபோனால் சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கி இதே மாதிரி ஆகும். எங்கள் கடையில் பார்த்த கேஸ்களில் மோடம் கோளாறு என்று வந்தவற்றில் நிறைய அடாப்டர் கோளாறுதான். அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவில்லாத சோதனை. சாயங்காலம் உங்கள் ஊரில் மின்சாரம் லோ வோல்டேஜ் ஆகுமா?

பேரேடு

லோ வோல்டேஜ் உண்டு, ஆனால் மோடம் இன்வெர்ட்டரில் இருக்கிறது. பழைய மோடத்தின் அடாப்டர் அதே 12 வோல்ட், 1 ஆம்பியர். மாற்றிப் போட்டும் அதேதான்.

டிபி பெட்டி

தங்கச்சி, நான் தொலைபேசித் துறையில் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மழைக் கோளாறைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. சாதாரண வயர் போனை எடுங்கள், கார்ட்லெஸ் வேண்டாம். டயல் டோன் வந்ததும் ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டோன் நின்று அமைதியாகும். அந்த அமைதியில் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்றோ, பொரிகிற மாதிரியோ, ரேடியோ மாதிரியோ சத்தம் இருந்தால் லைனில் கோளாறு. மழை நேரத்தில் செய்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இரண்டாவது கேள்வி. நெட் அறுந்து அறுந்து வருகிற நேரத்தில் யாராவது லேண்ட்லைனில் பேசிக்கொண்டிருந்தால் இணைப்பு நன்றாக நிற்கிறதா? அல்லது போன் மணி அடித்தவுடன் அறுகிறதா? இரண்டில் எது என்றாலும் சொல்லுங்கள்.

பேரேடு

ஐயா, அசந்துவிட்டேன். நேற்று தூறல் விழும்போது நீங்கள் சொன்னபடி கேட்டேன். அடுப்பில் கடுகு பொரிகிற சத்தம், நடுநடுவே டக் டக்கென்று வெட்டு. அம்மா சித்தியோடு பேசும்போது நெட் அறுவதில்லை என்பது உண்மைதான். நாங்கள் அதைத் தற்செயல் என்று நினைத்திருந்தோம். மணி அடித்தால் சில சமயம் அறுகிறது.

டிபி பெட்டி

தற்செயல் இல்லை. ஜாயிண்ட் கோளாறின் கையெழுத்தே அதுதான்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிற இரண்டு கம்பிகள் ஒரே துண்டாக வருவதில்லை. எக்ஸ்சேஞ்சில் எம்டிஎஃப் என்ற பெரிய சட்டத்தில் ஜம்பர் போட்டு, தரைக்குள் பெரிய கேபிளில் வந்து, தெருமுனையில் நிற்கும் பில்லரில் ஒரு முறை மாறி, அங்கிருந்து சின்ன கேபிளில் கம்பத்தில் இருக்கும் டிபி பெட்டிக்கு வந்து, அங்கிருந்து டிராப் வயர் வழியாக உங்கள் வீட்டு ரோசெட்டுக்கு, அதாவது சுவரில் இருக்கும் டெலிபோன் இணைப்புப் பெட்டிக்கு, வரும். நடுவில் கேபிள் வெட்டுப்பட்ட இடங்களில் போட்ட ஜாயிண்ட்கள் தனி. ஒவ்வொரு ஜாயிண்டும் தண்ணீர் புகுவதற்கு ஒரு வாசல்.

தண்ணீர் புகுந்தால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. சும்மா கிடக்கும் லைனில் சுமார் 48 வோல்ட் இருக்கும், ஆனால் கரண்ட் ஓடாது. போனை எடுத்துப் பேசினால் கரண்ட் ஓடும். அந்த ஓட்டம் களிம்பை ஊடுருவி ஜாயிண்டைத் தற்காலிகமாக நன்றாகத் தொடவைக்கும். அதனால்தான் அம்மா பேசும்போது நெட் அறாமல் நிற்கிறது. வைத்ததும் களிம்பு பழையபடி தன் வேலையைக் காட்டும். மணி அடிக்கும்போது வருகிற ஏசி வோல்டேஜ் அதே ஜாயிண்டை உதறிவிடும். குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான் தேவை என்பதால் பேச்சு எப்படியோ ஒப்பேறிவிடும். டிஎஸ்எல் அதற்கு மேலே 2200 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது, அது தாங்காது.

ஒற்றைக் கம்பி முழுக்க அறுந்து போன் செத்த பிறகும் டிஎஸ்எல் தத்தித் தத்தி வருவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் "டிஎஸ்எல் சிங்க் ஆகிறது, ஆகவே லைன் நல்லது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வீட்டுக்குள் வருகிற முதல் ரோசெட்டைத் திறந்து, உள்ளே போகிற மற்ற எல்லா வயரையும் கழற்றிவிட்டு, டிராப் வயரில் மோடத்தை மட்டும் நேராக மாட்டுங்கள். இடி மின்னல் இருக்கும்போது மட்டும் கை வைக்க வேண்டாம். போன் மணி அடித்தால் 75 வோல்ட் போல வரும், கை சுரீரென்னும், ஜாக்கிரதை. அப்படி மாட்டி மார்ஜின் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏறினால் கோளாறின் ஒரு பங்கு வீட்டுக்குள். ஏறாவிட்டால் முழுதும் வெளியே.

தில்லைநகர்

ஒரு சந்தேகம். போன் சிக்னலையும் நெட் சிக்னலையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மாட்டாமல் இருந்தாலும் இப்படி ஆகும்தானே?

ஓம்ஸ் விதி

ஆகும். ஒரே லைனில் எத்தனை போன், காலர் ஐடி பெட்டி, ஃபேக்ஸ் இருக்கிறதோ அத்தனையும் ஃபில்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். லைன் வீட்டுக்குள் வரும் இடத்தில் ஒரே ஸ்ப்ளிட்டர் போட்டு, அதன் மோடம் வாயிலிருந்து மோடத்துக்கும், போன் வாயிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்டால் தொல்லை இல்லை. எங்கும் போகாமல் சும்மா தொங்கும் எக்ஸ்டென்ஷன் வயரும் கெடுதல்தான். சிக்னல் அதன் நுனிவரை போய்த் திரும்பி வந்து சில அலைவரிசைகளை விழுங்கிவிடும். மோடத்தை உள்ளறைக்குக் கொண்டுபோக டெலிபோன் வயரை நீட்டாதீர்கள். மோடம் வாசலிலேயே இருக்கட்டும், லேன் கேபிளை நீட்டுங்கள்.

பேரேடு

ரோசெட்டில் நேராக மாட்டிப் பார்த்தேன். பகலில் 9.4 இருந்தது 11 ஆனது. மாடிக்குப் போகும் பழைய எக்ஸ்டென்ஷனை இப்போது யாரும் பயன்படுத்தவில்லை என்பதால் நிரந்தரமாகக் கழற்றிவிட்டேன். சாயங்காலம் அப்படியே 5-க்கு இறங்கியது. மழையிலும் அறுந்தது.

சாயங்காலக் கணக்குதான் புரியவில்லை. ஆறேகால் மணிக்கு மேல் ஏதோ சுவிட்சைத் தட்டியது மாதிரி இறங்குகிறது.

ஆறாம் பிளாக்

வானொலி! இருட்டிய பிறகு மத்திய அலை நிலையங்கள் தூரதூரத்திலிருந்தெல்லாம் கேட்கும். 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அந்த அலைவரிசை முழுதும் டிஎஸ்எல் இறங்கு திசைக்குள்தான் வருகிறது. எல்லா லைனிலும் இருட்டினால் மார்ஜின் கொஞ்சம் இறங்கும்.

ஓம்ஸ் விதி

கொஞ்சம் என்றால் ஒன்று, இரண்டு டெசிபல். அதுவும் படிப்படியாக இறங்கும். ஆறு டெசிபல் ஒரே தட்டில் இறங்குகிறது என்றால் அது சுவிட்ச் போட்டு எரிகிற எதுவோதான். மலிவான எல்ஈடி பல்பின் டிரைவர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், மொபைல் சார்ஜர், மீன் தொட்டி மோட்டார், எதுவாகவும் இருக்கலாம்.

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கிறதா? பேட்டரியில் ஓடுவதாக இருக்க வேண்டும். மத்திய அலையில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, சாயங்காலம் டெலிபோன் வயரை ஒட்டியே நடந்து போங்கள். இரைச்சல் எங்கே பெருகுகிறதோ அங்கே நின்று ஒவ்வொரு சுவிட்சாக அணையுங்கள். டிஎஸ்எல்லுக்கு எது எதிரியோ அது ரேடியோவிலும் கத்தும்.

பேரேடு

கண்டுபிடித்தாயிற்று!

தாத்தாவின் ரேடியோ பரணில் இருந்தது. புது பேட்டரி போட்டு, நீங்கள் சொன்னபடி வாசலிலிருந்து ஆரம்பித்தேன். கூடத்தில் சாதாரண இரைச்சல். திண்ணைப் பக்கம் போகப் போக "ர்ர்ர்" என்று ஒரே சீரான சத்தம் கூடிக்கொண்டே வந்து, தூணுக்கு மேலே இருக்கும் விளக்கின் கீழே காது கூசியது. போன தீபாவளிக்கு மாட்டிய எல்ஈடி விளக்கு. டிராப் வயர் ஓட்டை வழியாக உள்ளே வருவது சரியாக அந்த விளக்குக்கு ஒரு சாண் தள்ளி. சுவிட்சை அணைத்தேன், ரேடியோ அமைதி. உள்ளே போய்ப் பார்த்தால் மார்ஜின் 5-லிருந்து 10. போட்டால் மறுபடி 5. தம்பியை சுவிட்சில் நிற்கவைத்துப் பலமுறை செய்து பார்த்தோம், மாறவே இல்லை.

வேறு விளக்கு மாட்டி, வயரையும் மறுபக்கமாகத் திருப்பிவிட்டேன். இப்போது ராத்திரியும் 9.5, 10. ஓம்ஸ் விதி, உங்களுக்குப் பெரிய நன்றி. இனி மழைதான் பாக்கி. டிபி பெட்டி ஐயா, அவர்களிடம் எப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்வார்கள்?

டிபி பெட்டி

மிக்க சந்தோஷம் தங்கச்சி. இப்போது கவனமாகக் கேளுங்கள்.

"நெட் மெதுவாக இருக்கிறது" என்று புகார் கொடுக்காதீர்கள். அது எங்கோ உட்கார்ந்திருப்பவரிடம் போகும். அவர் போர்ட்டை ரீசெட் செய்துவிட்டுப் புகாரை மூடிவிடுவார். "லேண்ட்லைனில் இரைச்சல், பேச்சு சரியாகக் கேட்கவில்லை" என்று கொடுங்கள். அது பொய்யும் இல்லை, நீங்களே கேட்டீர்களே. அந்தப் புகார் லைன் ஆளின் கையில் வரும். இரண்டுக்கும் ஒரே கம்பிதான். குரல் சுத்தமானால் நெட்டும் அறாமல் நிற்கும்.

அவர் வரும்போது நீங்கள் எழுதிவைத்த எண்களைக் காட்டுங்கள். வெயில் நாளில் வந்து "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்றால், மழையில் எழுதிய எண்ணும், பேசும்போது நெட் அறாமல் நிற்கிற விஷயமும் உங்களுக்குச் சாட்சி. எந்த லைன் ஆளும் அதைக் கேட்டதும் ஜாயிண்டைத்தான் தேடுவார். டிபி பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டிராப் வயரை நடுவில் முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு ஒரே நீளமாகப் புது வயர் போடச் சொல்லுங்கள். கட்டாயம் ஜாயிண்ட் போட வேண்டுமென்றால் ஜெல் அடைத்த யூஒய் கனெக்டர்தான் போட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கோளாறு கேபிளுக்குள். அப்போது கேபிளில் உள்ள வேறு நல்ல கம்பி ஜோடிக்கு மாற்றித்தர வேண்டும். பில்லருக்கும் டிபிக்கும் நடுவே காலி ஜோடி இருந்தால் அது பெரிய வேலை இல்லை.

அவர்களையும் முழுக்கக் குறைசொல்ல மனம் வரவில்லை. நான் இருந்த காலத்தில் நாலு பேர் பார்த்த வேலையை இன்று ஒருவர் பார்க்கிறார். தயாராக விவரத்தோடு இருந்தால் அவருக்கும் நேரம் மிச்சம்.

தில்லைநகர்

நடுவில் ஒன்று. மோடத்தில் மாடுலேஷன் என்ற அமைப்பை ஆட்டோவிலிருந்து ஜி.டிஎம்டி என்று மாற்றினாலே இணைப்பு அறாமல் நின்றுவிடும் என்கிறார்களே?

ஓம்ஸ் விதி

நிற்கும், ஆனால் அது மருந்து இல்லை, வலிக்குத் தைலம். ஜி.டிஎம்டி பழைய ஏடிஎஸ்எல். 1104 கிலோஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளும், அதனால் மேலே உள்ள இரைச்சல் அதைத் தொடாது. உச்ச வேகம் 8 எம்பிபிஎஸ் என்பதால் 4 திட்டத்துக்கு இடிக்காது. ஆள் வரும்வரை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்சில் இன்டர்லீவிங் (தரவைக் கலைத்து அனுப்பிப் பிழைகளைத் திருத்தும் முறை) போடச் சொல்வதும் அப்படித்தான். பிங், அதாவது பதில் வரும் நேரம், சில மில்லிசெகண்ட் கூடும், பிழைகள் குறையும். ஜாயிண்டில் களிம்பு அப்படியே இருந்தால் அடுத்த பெருமழையில் எல்லாம் ஒன்றுதான்.

பேரேடு

லைன் அண்ணன் வந்தார். எண்களைக் காட்டியதும் வேறு எதுவும் கேட்கவில்லை, நேராகக் கம்பத்துக்குப் போனார். டிபி பெட்டியின் மூடி இல்லை, உள்ளே குளவிக்கூடு. எங்கள் வயர் மாட்டியிருந்த திருகு பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. வயரைத் தொட்டதும் அதன் இரண்டு கம்பிகளில் ஒரு கால் கையோடு வந்துவிட்டது. வழியில் பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக்குள் டேப் சுற்றிய ஜாயிண்ட் வேறு. பிரித்தால் தண்ணீர் சொட்டியது. டிபியில் வேறு முனைக்கு மாற்றி, கம்பத்திலிருந்து ரோசெட் வரை ஒரே வயராகப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது மார்ஜின் 17.5, அதிகபட்சம் 9800. அட்டெனுவேஷனும் 36.5 ஆகியிருக்கிறது. நேற்று ராத்திரி நல்ல மழை. டிஎஸ்எல் விளக்கு அசையவில்லை, மார்ஜின் 17. டோனை நிறுத்திக் கேட்டால் சுத்தமான அமைதி.

டிபி பெட்டி

திருகு முனையில் கால் தனியாக வந்தது என்றால் மழைக் கோளாறு அங்கேதான் இருந்தது. பெட்டிக்கு மூடி போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள் தங்கச்சி, அந்தப் பெட்டியில் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். இடி இடித்தால் மின்சாரப் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது, லைன் வயரையும் மோடத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.

நெல்வயல்

இதே இழையில் கேட்கலாமா? எனக்கு டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிகிறது, மார்ஜின் 19. ஆனால் இன்டர்நெட் விளக்கு சிவப்பு. மோடத்தை ரீசெட் பட்டனில் அழுத்திப் பிடித்ததிலிருந்து இப்படி.

ஓம்ஸ் விதி

உங்களுக்கு லைனில் எந்தக் குறையும் இல்லை. ரீசெட்டில் உங்கள் பிபிபிஓஈ (இணைப்புக்கான லாகின்) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துவிட்டன. லைனில் தரவு போகும் தடத்தைக் குறிக்கும் விபிஐ, விசிஐ எண்களும் தொழிற்சாலை அமைப்புக்குப் போயிருக்கும். அந்த நான்கையும் இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு வாங்கி, மோடத்தின் வான் (WAN) அமைப்புப் பக்கத்தில் போட்டுச் சேமியுங்கள். போட்ட பிறகும் சிவப்பாகவே இருந்தால் மோடத்தின் சிஸ்டம் லாகை எடுத்து இங்கே போடுங்கள், கடவுச்சொல் வரும் வரியை மட்டும் அழித்துவிட்டு.